தேதி போடாத சுருக்கொப்பம்

தில்லைநாயகம் தன் முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்தக் கோப்பிலும் முடிவு எழுதியதே இல்லை என்று சொல்வது அபாண்டம். மூன்று கோப்புகளில் எழுதியிருக்கிறார். மூன்றும் வம்பில் போய் முடிந்தன. அதற்குப் பிறகுதான் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதப் பழகினார்.

அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பாக்கியம் கிடைக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கீழே இருப்பவர் ஒரு விவகாரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் சரி என்றோ கூடாது என்றோ எழுத வேண்டும். இரண்டுக்கும் மனம் வராதவர், பக்கத்தின் ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். நேரில் வந்து பேசு, பிறகு பார்க்கலாம் என்று பொருள். எழுதியவர் பேசப் போவார். ஐயா மீட்டிங்கில் இருப்பார். கோப்பு கீழே இறங்கி, புதுக் குறிப்போடு மறுபடி மேலே ஏறி, மறுபடி ‘பேசுக’ ஆகும். அதைவிடச் சாதுவான சொல் அரசாங்கத்திடம் கிடையாது. அது யாருக்கும் எதையும் மறுப்பதில்லை.

சுருக்கொப்பத்துக்குக் கீழே தேதி போடாமல் விடுவது தில்லைநாயகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. விதிப்படி போட்டாக வேண்டும். ஆனால் தேதி இருந்தால்தானே தாமதம் என்று ஒன்று இருக்கும்? வளைத்து ஒரு ‘தி’, அதன் வாலில் ஒரு புள்ளி. நேற்றுப் போட்டதா, போன தீபாவளிக்குப் போட்டதா என்று கடவுளே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது.

இந்த ஒரே வித்தையில் அவர் மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் பாக்கியிருந்தது ஒரு படி. மாநிலப் பணியில் இருப்பவர்களில் சிலரைப் பொறுக்கி இ.ஆ.ப., அதாவது ஐ.ஏ.எஸ்., ஆக்கும் பட்டியலுக்கான குழு வருஷத்துக்கு ஒருமுறை கூடும். ஐம்பத்தாறு வயது தாண்டியவர் பெயர் பட்டியலில் ஏறாது. தில்லைநாயகத்துக்கு இந்த வருஷப் பட்டியல்தான் கடைசி. அவருடைய பெயர் இரண்டாவதாக இருந்தது.

அவர் மனைவி சுகிர்தா பித்தளையில் பெயர்ப்பலகை கூடச் செய்து வாங்கிவிட்டாள். ‘தி. தில்லைநாயகம், இ.ஆ.ப.’ பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றிப் படுத்திருந்தது. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த குமரவேல், தில்லைநாயகத்தோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்பே இ.ஆ.ப. ஆகிவிட்டார். அன்றிலிருந்து சுகிர்தா காலை நடையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

பட்டியல் குழு கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் சொதியும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையில் பதினேழு பி வந்து விழுந்தது.

பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு கிடையாது. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்பதில்லை. வந்து சேர்ந்தாலே போதும். இத்தனை வருஷமும் அது அவர் மற்றவர்களுக்கு அனுப்பிய சாமான். தன் பெயருக்கு ஒன்று வரும் என்று அவர் நினைத்ததில்லை.

சாப்பாட்டுக் கையோடு ஆறு பக்கத்தையும் படித்தார். இரண்டு சந்திப்பிழை இருந்தது. இடதுகையால் பேனாவை எடுத்து இரண்டையும் அடிக்கோடிட்டார். நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில் அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மேற்படி தாஜ் முகம்மது’ என்று இருந்தது. அங்கேதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே உட்கார்ந்து வாசகம் அமைத்து, தன் கீழ் வேலை பார்த்த தாஜ் முகம்மதுக்குக் கொடுத்த பதினேழு பி அது. அதையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மாற்ற விட்டுப்போயிருக்கிறது.

“குமரவேல் வேலைதான் இது,” என்றாள் சுகிர்தா. “வெளங்குவானா அவன்?”

தில்லைநாயகம் பக்கத்தைத் திருப்பினார். வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். தாமிரபரணியிலிருந்து பிரியும் முத்தாலங்கால் என்ற வாய்க்காலின் கரையில், மேலப்பூவாணி என்ற ஊரில், மந்திரமூர்த்தி என்பவர் தன் கல்யாண மண்டபத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார். சுவர் வாய்க்காலுக்குள் ஏழு அடி இறங்கி நின்றது. தண்ணீர் பெருகினால் எங்கள் தெருவுக்குள்தான் திரும்பும், சுவரை எடுக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் இருந்த கோமு என்ற பெண் மனுக் கொடுத்தாள். மனு கோப்பாயிற்று. கோப்பில் தில்லைநாயகம் நான்கு தடவை ‘பேசுக’ என்று எழுதினார். டிசம்பரில் வெள்ளம் வந்தது. குறிப்பாணையின் ஆறாவது பத்தியில் கோமு ‘மனுதாரர் (காலஞ்சென்றவர்)’ என்று குறிப்பிடப்பட்டிருந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். கோப்பு தன் மேசைக்கு உரிய காலத்தில் வரவே இல்லை, கீழே துணை வட்டாட்சியர் நிலையிலேயே கிடந்தது என்று தில்லைநாயகம் எழுதினார். துணை வட்டாட்சியர் தாஜ் முகம்மதுக்கு அடுத்த மாதம் வட்டாட்சியராகப் பதவி உயர்வு வர இருந்தது. வந்தது பதினேழு பி. அவர் துணை வட்டாட்சியராகவே ஓய்வு பெற்றார்.

குறிப்பாணையை எதிர்த்து வழக்குப் போடத் தில்லைநாயகம் பிடித்த வக்கீல் ஜெனோ, மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வாதாடுகிறவன். சனி, ஞாயிறு பாளையங்கோட்டை வீட்டில் இருப்பான். வயது முப்பத்தெட்டு. குறிப்பாணையோடு இணைத்து வந்திருந்த கோப்பின் நகலைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஏழாம் பக்கத்தில் நின்றான்.

“சார், இதுல நாலு ‘பேசுக’ இருக்கு. நாலுக்கும் கீழ தேதியக் காணோமே? மறந்துட்டீங்களா?”

“மறந்தா ஒண்ணு ரெண்டுலதான விட்டுப்போகும்? நான் போடுததே கிடையாது.”

ஜெனோ நகலைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டி வைத்தான்.

“சார், இந்தக் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும். சர்க்கார் என்ன சொல்லுது? பத்து மாசம் ஃபைல அமுக்கிட்டீங்கன்னு சொல்லுது. பத்து மாசம்னு எப்படிச் சொல்லுது? மனு வந்த அன்னையிலயிருந்து எண்ணுது. உங்க மேசைக்கு என்னைக்கு வந்துச்சு? அது யாருக்குமே தெரியாது. கடைசி வாரந்தான் வந்துச்சு, ஒரே வாரத்துல நாலு தடவ பேசச் சொன்னேன்னு நாம சொல்லுவோம். இல்லன்னு காட்ட அவங்ககிட்ட ஒரு துண்டுத்தாளு கிடையாது.” சட்டென்று நிறுத்தினான். “எந்தெந்த ஃபைல் என்னைக்கு எங்க போச்சுன்னு செக்ஷன்ல பதிவேடு வச்சிருப்பாங்களே, அது?”

“வெள்ளத்துல ஊறிப் போச்சு.”

“இது கோர்ட்டுல சொல்லுத வெள்ளமா, நெசமான வெள்ளமா?”

“நெசமான வெள்ளம்.”

“அப்போ பாக்கி ஒரே ஆளுதான். குறிப்பு எழுதினவரு. அவரு வந்து தேதி சொல்லிட்டாருன்னா நம்ம பொழப்பு நாறிரும். எப்படி, நம்ம பக்கம் இருப்பாரா?”

தில்லைநாயகம் யோசித்தார். “அவருக்கு நாந்தான் பதினேழு பி குடுத்தேன்.”

“எதுக்கு?”

“இதே ஃபைலுக்கு.”

ஜெனோ பேனாவின் மூடியை மூடினான். பிறகு, “போய்ப் பாத்துட்டு வந்துருங்க சார்,” என்றான். “கோவப்பட்டாலும் பரவாயில்ல. என்ன சொல்லுதாருன்னு நமக்குத் தெரியணும்.”

புதன்கிழமை மேலப்பாளையம் போனார். முந்தின நாள் ஆட்டுச் சந்தை முடிந்து தெருவெல்லாம் இன்னும் அந்த வாடை நின்றது. காரைப் பெரிய தெருவிலேயே நிறுத்திவிட்டு, நகல் இருந்த தோல்பையை அணைத்துக்கொண்டு நடந்தார்.

தாஜ் முகம்மது கைலியும் பனியனுமாக உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்தைக் கண்டதும் எழுந்து, உள்ளே ஓடி, சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சட்டைப் பையில் அதே பழைய பென்சில் துண்டு.

“உக்காரும்வே.”

“இருக்கட்டும் சார்.”

“நீர் ரிட்டையர் ஆயாச்சு. உக்காரும்.”

தாஜ் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. அவர் மனைவி ஆபிதா பீவி சாயா கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வாங்க என்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

“கேள்விப்பட்டேன் சார், உங்களுக்கும் வந்துட்டாமே,” என்றார் தாஜ். குரலில் குத்தல் இல்லை. ஊரில் எல்லாருக்கும் வரும் காய்ச்சல் இவருக்கும் வந்ததைப் போலத்தான் விசாரித்தார்.

“உம்ம கேஸ் எப்படிப் போகுது?”

“இருவத்தோரு வாய்தா ஆச்சு சார். காலைல பஸ் ஏறி மதுரைக்குப் போவேன். பேரு கூப்பிடுவாங்க. சர்க்கார் வக்கீல் டைம் கேப்பாரு. திரும்பி வருவேன். நான் பெருசா ஒண்ணும் கேக்கல சார். தாசில்தாரா ஒரே ஒரு நாள் இருந்துட்டு இறங்கினேன்னு ஒரு தாளு. அம்புட்டுத்தான். முப்பத்தி நாலு வருசம் ஓடிட்டு, கடைசிப் படியில வழுக்கி விட்டாப்ல ஆயிட்டு.” அவர் சாயாவைத் தில்லைநாயகத்தின் பக்கம் நகர்த்தினார். “அந்த ஃபைல் எங்கயாவது கிடைச்சுதா சார்? தகவல் சட்டத்துல கேட்டேன். தட்டுப்படலைன்னு பதில் போட்டாங்க.”

ஃபைலின் நகல் தில்லைநாயகத்தின் மடியில் இருந்தது.

“வெள்ளத்துல போச்சுவே,” என்றார்.

தாஜ் தலையாட்டினார். மேலதிகாரி சொன்னதை அவர் எப்போதும் அப்படித்தான் ஏற்றுக்கொள்வார்.

“அந்தப் பொம்பள, கோமு, திங்கக்கிழமை தவறாம வரும் சார். மனுநாள் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நம்ம செக்ஷன் வாசல்ல வந்து நிக்கும். கையில ஒரு தூக்குச்சட்டி. ‘ஐயா பேசிட்டாவளா’ன்னு கேக்கும். ஃபைல்ல பேசுகன்னு எழுதியிருக்குன்னு நாந்தான் ஒருக்கா வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன். ‘யாரு கூடப் பேசணுமாம்? நான் வேணா உள்ள போய்ப் பேசட்டா’ன்னுச்சு. உங்கூட இல்லம்மா, எங்கூடன்னேன். ‘அப்பம் நீங்க போய்ப் பேசப்பிடாதா’ன்னுச்சு.”

“நீர் வந்தீரா?”

“பதினோரு தடவ வந்தேன் சார். மீட்டிங்குன்னாரு டவாலி.”

தில்லைநாயகத்துக்குத் தூக்குச்சட்டி ஞாபகம் வந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அலுவலகத்தில் யாருக்கோ சாப்பாடு கொண்டுவருகிறவள் என்று நினைத்திருந்தார்.

“சரி, அத விடும்,” என்றார். “ஃபைல் எங்கிட்ட என்னைக்கு வந்துச்சுன்னு கோர்ட்டுல கேட்டா என்ன சொல்லுவீரு?”

“நெசத்தத்தான் சார் சொல்லணும். ஆனா வெறும் வாயில சொன்னா யாரு கேப்பா? எங்கிட்டயும் தாளு இல்லியே.” தாஜ் எழுந்து போய், பிளாஸ்டிக் உறை ஒன்றில் பத்திரப்படுத்தியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். “நீங்களே வந்துட்டீங்க. நான் உங்க வீட்டுக்கு வரலாம்னுதான் எழுதி வச்சிருந்தேன். இத மட்டும் பாருங்க சார்.”

மணிமணியான கையெழுத்து. மேற்படி கோப்பினைத் துணை வட்டாட்சியர் தாஜ் முகம்மது எவ்விதத் தாமதமுமின்றி உரிய காலத்தில் எனக்குச் சமர்ப்பித்தார் என சான்றளிக்கிறேன். கீழே கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது.

தில்லைநாயகம் இரண்டு தடவை படித்தார். ஒற்றை வாக்கியம்தான். இதில் கையெழுத்துப் போட்டால் தாஜ் தாசில்தார் ஆகிவிடுவார். கோப்பு கீழே கிடக்கவில்லை என்றால் மேலேதான் கிடந்திருக்க வேண்டும். பித்தளைப் பலகை பீரோவிலேயே கிடக்கும். இரண்டு பேரில் ஒருவர்தான் கரையேற முடியும். இதை அவர் தெளிவாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் கை பேனாவைத் திறந்து, காகிதத்தின் இடது ஓரத்துக்குப் போய், ‘பேசுக’ என்று எழுதி, வளைத்து ஒரு ‘தி’ போட்டு, அதன் வாலில் ஒரு புள்ளி வைத்துவிட்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

தாஜ்தான் முதலில் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு காகிதத்தை வாங்கி முழங்காலில் வைத்து, பையிலிருந்த பென்சில் துண்டை எடுத்து, சுருக்கொப்பத்துக்கு அடியில் கொசுவின் கால் மாதிரி என்னவோ கிறுக்கினார்.

“என்னதுவே அது?”

“பழக்கதோசம் சார். எங்க மாசக் கணக்குல இன்னைக்கு ரபியுல் ஆகிர் பிறை பதினாலு. சின்னதுல ஓதப் போன இடத்துல படிச்ச அரபி எண்ணு. நீங்க தேதி போட மாட்டீங்க. நாளைக்கு எவனாவது கேட்டா எங்கழுத்துக்குத்தான வரும்னு, நீங்க ஒப்பம் போட்டு ஃபைல் கீழ வந்ததும் நான் பைய ஒரு ஓரமாப் பிறை குறிச்சு வைப்பேன். இங்கிலீசு தேதி போட்டா நீங்க கண்டுபிடிச்சுருவீங்கல்லா? ஆபீஸ் ஃபைல்ல பென்சில்ல கிறுக்கினதுக்குத் தனியா ஒரு பதினேழு பி குடுத்துருவீங்க.” அவர் மறுபடி சிரித்தார். “அந்த ஃபைல்லயும் நாலு இடத்துலயும் போட்டிருந்தேன் சார். ஃபைல் மட்டும் இருந்திருந்தா இந்தத் தாளே வேண்டாம். அதான் வெள்ளத்துல போச்சே.”

தில்லைநாயகம் சாயாவைக் குடித்து முடித்தார். ஆறிப்போயிருந்தது. “யோசிச்சுச் சொல்லுதேன்வே,” என்று எழுந்தார். தாஜ் கார் வரைக்கும் கூட வந்தார். தோல்பையைத் தான் சுமந்து வருவதாகச் சொல்லிக் கையை நீட்டினார். “வேண்டாம், வேண்டாம்,” என்று தில்லைநாயகம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஏழாம் பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு ‘பேசுக’வுக்கும் அடியில் அது இருந்தது. ஜெராக்ஸ் மெஷினின் அழுக்கு என்று அவர் நினைத்தது. அரசுத் தரப்பில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது.

செல்போனில் அந்த எண்களைத் தேடி எழுதிக்கொண்டார். பிறகு பூஜை அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களைக் கிளறினார். சுகிர்தா எதையும் தூரப் போடுகிறவள் இல்லை. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் முகம்மதியத் தேதிக்கு ஒரு பத்தி இருந்தது. பிரதோஷமும் கிருத்திகையும் பார்த்த பஞ்சாங்கத்தில் முதன்முறையாக ரஜப் பார்த்தார்.

முதல் ‘பேசுக’ ரஜப் ஒன்பது. ஜனவரியின் கடைசி நாள். இரண்டாவது மே மாதம். மூன்றாவது ஆகஸ்ட். நான்காவது, ஜமாதுல் அவ்வல் இருபது. டிசம்பர் ஐந்தாம் தேதி. வெள்ளம் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. அந்த வாரம் அவர் திருச்செந்தூரில் இருந்தார். பட்டியலில் பெயர் வர வேண்டும் என்று சுகிர்தா சண்முகார்ச்சனைக்கு எழுதி வைத்திருந்தாள். போகிற அவசரத்தில் மேசையில் இருந்த எல்லாவற்றிலும் ‘பேசுக’ எழுதிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாளில் ஒரு சுவரை இடித்துவிடலாம். ஜே.சி.பி. இருந்தால் அரை நாள் வேலை. அவர் மனம் அதைத் தன்போக்கில் கணக்குப் போட்டது. பிறகு நிறுத்திக்கொண்டது.

“என்ன அது, பஞ்சாங்கத்த எடுத்து வச்சுக்கிட்டு?” என்றாள் சுகிர்தா. “நல்ல நாள் பாக்கியளா?”

“ஆமா.”

மறுநாள் காலை ஜெனோ போனில் வந்தான்.

“சார், கோர்ட்டுப் பதிவாளர் ஆபீஸ்ல பேப்பரத் திருப்பி விட்டுட்டாங்க. ஏழாம் பக்கம் படிக்கும்படியா இல்லியாம். ஒண்ணு, நல்ல கலர் ஸ்கேனாப் போடணும். இல்ல, அந்தப் பக்கத்த அப்படியே டைப் அடிச்சு, உண்மை நகல்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். ஸ்கேன்னா இன்னைக்கே முடிஞ்சுரும். எது சார்?”

தில்லைநாயகம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். குமரவேல் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“சார், இருக்கீங்களா? அப்புறம், அந்தக் கையெழுத்துக்கு அடியில கிறுக்கல் மாதிரி என்னமோ தெரியுதே, அது என்னது?”

“ஜெராக்ஸ் அழுக்கு.”

“அப்போ ஸ்கேன் போட்டுரவா?”

“டைப் அடிச்சுருங்க,” என்றார் தில்லைநாயகம். “எங்கெங்க ‘பேசுக’ வருதோ அங்கல்லாம் பக்கத்துல ‘சுருக்கொப்பம், தேதி இல்லை’ன்னு போட்டுருங்க.”

அவர் உத்தியோகத்தில் எடுத்த நான்காவது முடிவு அது. முதன்முறையாக ஒரு முடிவு வம்பில் முடியவில்லை.

வழக்கு இரண்டே வாய்தாவில் முடிந்தது. டைப் அடித்த ஏழாம் பக்கம் பளிச்சென்று இருந்தது. கோப்பு மனுதாரரான தில்லைநாயகத்தின் மேசைக்கு எப்போது வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாத நிலையில், பட்டியலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு கொடுக்கப்பட்ட குறிப்பாணையை ரத்து செய்வதாகத் தீர்ப்பு வந்தது. தாஜ் முகம்மதுவைச் சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை; அதற்கு அவசியமே வரவில்லை. டிசம்பரில் பட்டியல் வெளியானது. தில்லைநாயகத்தின் பெயர் இரண்டாவதாகவே இருந்தது. சுகிர்தா பலகையை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள்.

தீர்ப்பு இன்னொரு வேலையும் செய்தது. அதிகாரியிடம் தாமதம் இல்லை என்றால், தாமதம் எங்கே இருந்திருக்கும்? துறையில் அதை யோசிக்க மூன்று வாரம் கூடத் தேவைப்படவில்லை. தாஜ் முகம்மதுவின் மேல் இருந்த குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாக முடிவாகி, தண்டனை உத்தரவும் போனது. தாசில்தார் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. உத்தரவின் நகல் தில்லைநாயகத்துக்கும் தகவலுக்காக வந்தது. அதில் இப்போது சந்திப்பிழை எதுவும் இல்லை.

ஜனவரியில் பாராட்டு விழா. மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவர் மந்திரமூர்த்தி. வாய்க்கால் ஓரத்துச் சுற்றுச்சுவரை வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் இரண்டடி உயர்த்தி, மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார். மேடையிலிருந்து ஜன்னல் வழியே அது நன்றாகத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே விழாவுக்கு வந்தவர்கள் பைக் நிறுத்தியிருந்தார்கள்.

தில்லைநாயகத்துக்குச் சென்னையில் இணை ஆணையர் பதவி. தென்மாவட்ட ஊழியர்களின் மேல்முறையீடுகள் எல்லாம் இனி அவருடைய மேசைக்குத்தான் வரும் என்று மேடையில் பேசியவர் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பொன்னாடை போர்த்த வரிசை நின்றது.

வரிசையின் கடைசியில் தாஜ் முகம்மது நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஓர் எலுமிச்சம்பழம், அடியில் ஒரு காகிதம். முறை வந்ததும் பழத்தைக் கொடுத்தார்.

“வாழ்த்துக்கள் சார். ரொம்ப சந்தோசம்.”

“என்னவே, நல்லாருக்கீரா?”

“இருக்கேன் சார். ஒரு சின்ன மனு. மேல்முறையீடு போட்டிருக்கேன். அதுக்கு ஒரு தாளு வேணும். நீங்கதான் குடுக்கணும்னு சொன்னாங்க.”

தில்லைநாயகம் வாங்கிப் பார்த்தார். மணிமணியான கையெழுத்து. தங்கள் வழக்கில் தட்டச்சு நகலாகத் தாக்கல் செய்யப்பட்ட, முத்தாலங்கால் கோப்பின் ஏழாம் பக்கத்தை, தட்டச்சு செய்யாமல், மூலத்தில் உள்ளபடியே நகலெடுத்து வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னால் மைக்கில் யாரோ சாப்பிட அழைத்தார்கள். தில்லைநாயகத்தின் கழுத்தில் நான்கு பொன்னாடை இருந்தது, ஐந்தாவது நழுவிக்கொண்டிருந்தது. தாஜ் கைகட்டி நின்றார். அவசரப்படுத்தவில்லை. மேலதிகாரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

தில்லைநாயகம் பேனாவைத் திறந்தார். போன தடவை கை தானாகப் போனது. இந்தத் தடவை அவரே கையைக் கொண்டுபோனார். ‘பேசுக’. ஒரு ‘தி’. ஒரு புள்ளி.

தாஜ் காகிதத்தை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பென்சில் துண்டை எடுத்தார். முனையைப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, காகிதத்தை மேசை மேல், பொன்னாடைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஏன்வே, போடலியா?” என்று கேட்டுவிட்டார் தில்லைநாயகம்.

“என்னத்துக்கு சார்?” என்றார் தாஜ். “டைப் அடிக்கையில விழாதுல்லா.”

அவர் படி இறங்கிப் போனார். மேடையோரம் காத்திருந்த மந்திரமூர்த்தி ஆளுயர மாலையோடு முன்னால் வந்தார். தில்லைநாயகம் குனிந்தார். மாலைக்கு அடியிலிருந்து பார்த்தபோது காகிதத்தில் அந்தச் சுருக்கொப்பமும் அதற்குக் கீழே வெள்ளையான இடமும் தெரிந்தன. படம் எடுக்கிறவன், “சார், இங்கன பாத்துக் கொஞ்சம் சிரிங்க,” என்றான்.